தோலின் கடைமடைக்கு ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேருகிறது?

தை மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கும் என் அண்ணன் மகள் மன்னார்குடியிலிருந்து போன் செய்தாள். "அத்தை, பார்லர்ல ஆக்சிஜன் ஃபேஷியல்னு ஒண்ணு சொல்றாங்க. தோலோட அடி வரைக்கும் ஆக்சிஜன் இறங்குமாம். செஞ்சுக்கலாமா?" அதே வாரம் தலைஞாயிறு பக்கம் இருக்கும் சித்தப்பாவுக்குக் கால் கட்டு மாற்றப் போயிருந்தேன். சர்க்கரை நோய்க்காரர். கட்டை விரலுக்கு அடியில் இரண்டு மாதமாக ஆறாத புண். கட்டைப் பிரித்ததும் அவரும் கேட்டார்: "ஏம்மா, இதைத் திறந்து போட்டா காத்துப் பட்டு ஆறிடாதா?"

இரண்டும் ஒரே கேள்விதான். வெளியே இருக்கும் காற்றைத் தோலுக்குள் எவ்வளவு ஆழம் வரை அனுப்ப முடியும்? செவிலியராகப் பல வருடம் புண்களுக்குக் கட்டுப் போட்டவள் என்பதால் இதைக் கொஞ்சம் பொறுமையாக எழுத நினைக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டமில்லை. ஆறு, வாய்க்கால், மடை, வடிகால் எல்லாம் தெரிந்தவர்களுக்குத் தோல் புதிய விஷயமே அல்ல.

தோலின் மேல் அடுக்கு மேல்தோல். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், ஒரு தாளின் கனம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடித்திருக்கும். அந்தத் தாள் கனத்துக்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அதனால்தான் கையில் லேசாகத் தோல் உரிந்தால் ரத்தம் வருவதில்லை. அதற்குக் கீழே உள்தோல், ஒன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை. ரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் இங்கேதான். தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் என்ற நார்ப் புரதமும் இங்கேதான் உருவாகிறது. அதற்கும் கீழே கொழுப்பு.

மேல்தோலின் அடிவரிசையில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவை மெல்ல மேலே ஏறி, செத்து, தட்டையாகி, ஓடு வேய்ந்ததுபோல அடுக்கி நிற்கும். கடைசியில் குளிக்கும்போது அழுக்காக உதிரும். இந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும். உயிரோடு இருக்கிற, பெருகுகிற செல்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்தக்குழாயே இல்லாத இடத்தில் அது எங்கிருந்து கிடைக்கிறது?

கொஞ்சம் கீழே இருந்து, உள்தோலின் நுண்குழாய்களிலிருந்து கசிந்து ஏறுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். அது முழு உண்மை இல்லை. மனிதத் தோல் காற்றிலிருந்து நேராக ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்று கெர்லாக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1851-லேயே காட்டிவிட்டார். எவ்வளவு ஆழம் வரை என்பதை 2002-இல் இன்னொரு ஜெர்மன் ஆய்வுக் குழு அளந்து சொன்னது: மேலிருந்து 0.25 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை உள்ள பகுதிக்கு ஆக்சிஜன் கிட்டத்தட்ட முழுவதும் வெளிக்காற்றிலிருந்தே வருகிறது, ரத்தத்தின் பங்கு அங்கே சொற்பம். அதுவரை மதிப்பிட்டிருந்த ஆழத்தைப் போலப் பத்து மடங்கு இது.

ஆக, நம் மேல்தோல் மானாவாரி நிலம். வானத்திலிருந்து விழுவதை வைத்துப் பிழைக்கிறது. உள்தோல் ஆற்றுப் பாசனம்.

கண்ணின் கருவிழியும் இப்படித்தான். பார்வைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பதால் அதில் ரத்தக்குழாய் கிடையாது, விழித்திருக்கும்போது காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள் என்று கண் மருத்துவர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "தோல் மூச்சு விடுகிறது" என்று பெரிதாக நினைத்துவிடக் கூடாது. நடவு வயலில் கத்துகிற தவளை நிஜமாகவே தோலால் மூச்சு விடுகிறது. மண்புழுவுக்குத் தோலை விட்டால் வேறு வழியே இல்லை. நமக்கு அப்படி இல்லை. உடம்புக்கு மொத்தமாகத் தேவைப்படும் ஆக்சிஜனில் ஒரு சதவீதம்கூடத் தோல் வழியாக வருவதில்லை. எண்ணெய்க் குளியலில் தோல் மூச்சுத் திணறும் என்று ஒரு தாய் என்னிடம் பயந்து கேட்டதுண்டு. அப்படி எதுவும் ஆகாது. மேல்தோல் எடுப்பது தனக்கான கைப்பிடி அளவு மட்டும்.

சரி, 0.4 மில்லிமீட்டர் வரை போகிற காற்று ஏன் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இறங்கக் கூடாது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஆக்சிஜன் திசுவுக்குள் ஓடுவதில்லை, ஊறுகிறது. அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகப் பரவுகிறது. வாய்க்காலில் போகும் தண்ணீர் ஒரு வேகம், வரப்புக்கு அடியில் ஊறிப் போகும் தண்ணீர் வேறு வேகம் இல்லையா? தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நம் திசு பெரும்பாலும் தண்ணீர்தான். அதோடு, தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. போகிற வழியிலும் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு செல்லும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதனால்தான் உடம்பில் உழைக்கிற எந்தச் செல்லும் நுண்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தள்ளி இருப்பதில்லை. இந்த நுண்குழாய்களின் போக்குவரத்தை ஆராய்ந்த டென்மார்க் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோவுக்கு 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே சிக்கலை நம் வயலில் நெற்பயிர் தினமும் தீர்க்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். தண்ணீர் நிற்கும் சேற்றுக்குள் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. மேலே எவ்வளவு காற்று அடித்தாலும் சேற்றைத் துளைத்து அது வேருக்குப் போகாது. பின்னே வேர் எப்படி உயிரோடு இருக்கிறது? இலை வழியாகக் காற்றை வாங்கி, தண்டுக்குள் ஓடும் காற்றறைகள் வழியாக வேர் நுனி வரை பயிரே இறக்கிக் கொடுக்கிறது. ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், செம்மண் நிறத்தில் துரு படிந்திருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றில் இருக்கும் இரும்போடு சேர்ந்து பிடித்த துரு அது. வேருக்கு வேண்டியதை உள்ளிருந்துதான் கொண்டு போக முடியும். உள்தோலுக்கும் அதே கதைதான்.

நம் உடம்பில் அந்த உள்வழி ரத்தம். நூறு மில்லி ரத்தம் சுமார் இருபது மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. அதில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் மேல் ஏறிப் போவது. ரத்தத்தின் நீரில் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் மேட்டூரிலிருந்து வரும் காவிரி மாதிரி. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிவதுபோல அது பிரிந்துகொண்டே போய், தோலை அடையும்போது கொழுப்புக்கு மேலே ஒரு வலை, மேல்தோலுக்கு அடியில் இன்னொரு வலை என்று இரண்டு மட்டத்தில் விரிகிறது. மேல் வலையிலிருந்து கொண்டை ஊசிபோல வளைந்த நுண்குழாய்கள் மேல்தோலைத் தொடும் அளவுக்கு எழும்பித் திரும்புகின்றன. அவைதான் மடை. அதிலும் கால் விரல் தோல் இருக்கிறதே, அது கடைமடை. இதயத்திலிருந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் விடத் தள்ளி இருப்பது அதுதான். மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எந்த வயல் என்று நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை.

கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டர்க் கருவி. சித்தப்பாவுக்கு அதில் 98 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றார். மேட்டூரில் 120 அடி நிற்கிறது என்பதற்காகத் தலைஞாயிற்று வயல் நனைந்துவிட்டதாக ஆகுமா? அந்த 98 சொல்வது சிவப்பணுக்கள் நிறையச் சரக்கோடு கிளம்புகின்றன என்பதை மட்டும். வழியில் வாய்க்கால் தூர்ந்திருந்தால் அது அதில் தெரியாது. சர்க்கரை நோயும் புகையும் இப்படித்தான் வாய்க்காலைத் தூர்க்கின்றன. பீடியும் சிகரெட்டும் இரண்டு வேலை செய்யும்: நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்கும், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் அதற்கு ஆக்சிஜனைப் போல இருநூறு மடங்குக்கும் மேல் பிடிப்பு.

உள்தோலுக்கு ஆக்சிஜன் எதற்கு இவ்வளவு முக்கியம்? வெறும் உயிர் வாழ மட்டுமில்லை. கொலாஜன் நார் உறுதியாக முறுக்கிக்கொள்ள ஆக்சிஜன் நேரடி மூலப்பொருள். கூடவே வைட்டமின் சி-யும் இரும்பும் வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் நார் நொந்துபோகும், புண் மூடினாலும் பிரிந்துவிடும். அப்புறம், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள் அவற்றைக் கொல்வதற்கு ஆக்சிஜனை வைத்துத்தான் ஆயுதம் செய்கின்றன. ஆக்சிஜன் இல்லாத புண்ணில் வெள்ளையணு இருந்தும் பயனில்லை.

ஒரு நுணுக்கமும் உண்டு. புதுப் புண்ணின் நடுவில் கொஞ்ச நாள் ஆக்சிஜன் குறைவாக இருப்பது நல்லதே. அந்தக் குறைவுதான் "இங்கே புதுக் குழாய் வெட்டுங்கள்" என்று உடம்புக்குச் சேதி அனுப்புகிறது. செல்கள் இந்தக் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால் சேதி போன பிறகு ஆளும் தளவாடமும் வர வேண்டுமே. பெரிய குழாயே அடைத்திருந்தால் சேதி போய்க்கொண்டே இருக்கும், எதுவும் வந்து சேராது.

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஆக்சிஜன் ஃபேஷியலில் அழுத்தமாக வரும் வாயுவை வைத்து ஒரு திரவத்தை முகத்தில் தெளிப்பார்கள். முகம் சில மணி நேரம் பளபளவென்று இருக்கும். அதற்குக் காரணம் மேலே உள்ள செத்த செல்கள் தண்ணீர் குடித்து உப்புவதும், காற்று பீச்சி அடித்ததில் ரத்தம் மேலே வந்து முகம் சிவப்பதும். ஆக்சிஜன் மிகச் சிறிய மூலக்கூறு, தோலின் மேற்பரப்பைத் தாண்டிப் போகக்கூடியதுதான். ஆனால் அது எளிதாகப் போகிற ஆழத்துக்கு ஏற்கெனவே வெளிக்காற்றிலிருந்து தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் சேமித்து வைக்கத் தோலில் குளம் எதுவும் இல்லை, சில நிமிடங்களில் செலவாகிவிடும். இருபத்து நான்கு வயது ஆரோக்கியமான பெண்ணின் உள்தோல் பட்டினி கிடக்கவும் இல்லை. அந்தத் திரவத்தில் சேர்க்கிற பெரிய மூலக்கூறுகளும் ஆழம் போகாது. மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் தோலின் மேலோட்டைக் கடப்பது கடினம் என்று தோல் மருத்துவர்கள் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அவளிடம் இப்படித்தான் சொன்னேன்: மணவறையில் அன்றைக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்றால் செய்துகொள், பாதகமில்லை. ஆனால் முகத்துக்குப் புதிதாக எதைப் போடுவதானாலும் ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடு, தடிப்பு வந்தால் ஆறுவதற்கு நாள் இருக்கும். அடி ஆழத்துக்கு ஆக்சிஜன் போகிறது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. அது போக வேண்டிய வழியில் உன் இதயம் நிமிடத்துக்கு எழுபது தடவை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கான பதில் இன்னும் நீளம். திறந்து போட்டால் காற்றுப் பட்டுப் புண் ஆறும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிப் பார்த்தார். திறந்து விட்டவற்றைவிட, மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. திறந்த புண் காய்ந்து பொருக்குக் கட்டுகிறது. புதுச் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் சுற்றி வளைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஈரம் என்றால் சேறு மாதிரி நனைந்து கிடப்பது இல்லை. நடவுக்குப் போகிறவர்களின் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் அதிக ஈரத்தால் வருவது, தோல் ஊறி நைந்து கிருமி உள்ளே புகுவது. அங்கே காய வைப்பதுதான் வைத்தியம். புண் ஆறுவதற்கு வேண்டியது நாற்றங்கால் பதம்.

அவர் தானாகவே செய்துகொண்டிருந்த இன்னொரு காரியம் எனக்கு வேதனையாக இருந்தது. மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, தினமும் புண்ணில் ஊற்றி, வெள்ளையாக நுரை பொங்குவதைப் பார்த்து "ஆக்சிஜன் ஏறுது" என்று நம்பியிருக்கிறார். அந்த நுரையில் இருப்பது ஆக்சிஜன்தான், பொய்யில்லை. ஆனால் அது குமிழாக வெளியே போய்விடுகிறது. கூடவே அந்த மருந்து, ஓரத்தில் துளிர்க்கும் புதுச் செல்களையும் பொசுக்கிவிடுகிறது. தினமும் நாற்று நட்டு, தினமும் பிடுங்கியது மாதிரி.

சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ கழுவி, மூடிக் கட்டி, புண் மேல் எடை விழாதபடி பார்த்துக்கொள்வது முதல் வேலை. கூடவே வாய்க்காலைப் பார்க்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவு கை அளவில் 0.9 பங்குக்குக் குறைந்தால் கால் குழாயில் அடைப்பு இருக்கிறது. ஆனால் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டு, இந்தக் கணக்கைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவதுண்டு. அப்போது உதவுவது இன்னொரு கருவி: தோலின் மேல் ஒரு சின்ன வட்டை ஒட்டி, அந்த இடத்தைச் சுமார் 44 டிகிரிக்குச் சூடாக்கினால், நுண்குழாய்கள் விரிந்து ஆக்சிஜன் தோல் வழியாக மேலே கசியும். அதை அளப்பார்கள். உள்ளே பாசனம் எப்படி நடக்கிறது என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடும். 40 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேல் இருந்தால் புண் ஆற வாய்ப்பு நன்றாக இருக்கிறது, 30-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். சித்தப்பாவுக்கு அடைப்பு உறுதியானது. தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூனை விரித்து அடைப்பை அகற்றினார்கள். "தூர் வாரிட்டாங்க" என்று ஊரில் அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வாரம் கட்டு மாற்றும்போது, வெளுத்துக் கிடந்த புண்ணின் அடியில் சிவப்பாகச் சின்னச் சின்ன மணிகள் தெரிந்தன. புது நுண்குழாய்கள். நான் எவ்வளவோ புண் பார்த்திருக்கிறேன், அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது வரும் நிம்மதி மட்டும் குறைவதே இல்லை.

வடிகாலையும் மறக்கக் கூடாது. கால் வீங்கியிருந்தால் நுண்குழாய்க்கும் செல்லுக்கும் நடுவே நீர் தேங்கி தூரம் கூடிவிடும். தூரம் கூடினால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம். தண்ணீர் வந்தும் வடியாத வயலில் பயிர் அழுகுவது போல, சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் வடிகால் குழாய், கெட்டுப் போன கால்களில் கணுக்காலுக்கு மேலே வரும் புண்கள் இந்த வகை. அவற்றுக்கு அழுத்தக் கட்டும், காலை உயர்த்தி வைப்பதும்தான் மருந்து. ஆனால் ரத்தம் கொண்டு வரும் குழாயான தமனியில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்யாமல் அழுத்தக் கட்டுப் போடவே கூடாது, இருக்கிற கொஞ்ச வரத்தும் நின்றுவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடச் சொல்வதும் இதனால்தான். உடம்பின் எடையே மடையை அடைத்துவிடும்.

வெளியிலிருந்து ஆழத்துக்கு ஆக்சிஜன் அனுப்ப ஒரு வழியும் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதுவும் தோல் வழியாக அல்ல, நுரையீரல் வழியாக. உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்பார்கள். ஓர் அறைக்குள் அழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்கு ஏற்றி, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். அந்த 0.3 மில்லி நினைவிருக்கிறதா? மூன்று மடங்கு அழுத்தத்தில் அது சுமார் ஆறு மில்லியாக உயரும். சிவப்பணுவே இல்லாமல் நீரில் கரைந்தே அவ்வளவு போகும். டச்சு அறுவை மருத்துவர் போரெமா, சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் அகற்றிய பன்றிக்குட்டிகளை இந்த அழுத்தத்தில் உயிரோடு வைத்திருந்து 1960-இல் அதை வெளியிட்டார். சென்னை போன்ற நகரங்களில் சில மருத்துவமனைகளில் இந்த அறை இருக்கிறது. தேர்ந்தெடுத்த சில சர்க்கரை நோய்ப் புண்களுக்கும் கதிர்வீச்சால் கெட்ட திசுவுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவை ஒன்றரை மணி நேரம், அப்படி இருபது, முப்பது தடவை போக வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். காலை ஒரு உறைக்குள் வைத்து ஆக்சிஜன் செலுத்தும் முறையும் இருக்கிறது. மற்ற எல்லாச் சிகிச்சையும் சரியாகச் செய்தும் ஆறாத சர்க்கரை நோய்ப் புண்ணுக்குக் கூடுதல் துணையாக அதை நினைக்கலாம் என்கிறார்கள். வீட்டில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து புண்ணில் பீச்சுவது அந்த முறை இல்லை. பக்கத்தில் ஒரு காமாட்சி விளக்கு எரிந்தால்கூடத் துணி குபீரென்று பற்றிக்கொள்ளும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வீட்டில் நீங்களே பார்க்கக் கூடியது ஒன்று சொல்கிறேன். கால் கட்டை விரலின் நகத்தை ஐந்து நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு, மூன்று நொடிக்குள் சிவக்க வேண்டும். இது தோராயம்தான். குளிர்ந்த காலில் தாமதமாகும், மருதாணி போட்ட நகத்தில் தெரியாது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் குளித்து முடித்ததும் விரல் இடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலுக்கு அடியில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் வாய்க்காலைக் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. விரல் கறுத்தாலோ, ஒரு கால் மட்டும் சில்லிட்டு வெளுத்தாலோ விடியும் வரைகூடக் காத்திருக்காதீர்கள், அப்போதே வண்டி பிடியுங்கள்.